ஈரப்பதமானி பன்னிரண்டு

மதுரையிலிருந்து டாக்டர் மீனலோசனி பேசிய வாக்கியம் நிலவுக்கு வந்துசேர ஒன்றேகால் விநாடி பிடித்தது. வந்தபோது அதில் மரியாதை குறையவில்லை, பொறுமைதான் குறைந்திருந்தது.

"உங்க பேஷன்டோட கண்ணு எனக்குச் சதுரங்கப் பலகை மாதிரி தெரியுது. இதைப் பாத்துக்கிட்டு எந்த இடத்துல கத்தியை வைக்கச் சொல்றது நான்?"

பேஷன்ட் துரைசிங்கம். சாயல்குடிக்காரர், நிலவின் வெண்குடிக் குடியிருப்பில் பாறை துளைக்கும் பிரிவு. மூன்று நாளுக்கு முன்பு கவசத்தைக் கழற்றும்போது உடையில் ஒட்டியிருந்த நிலாத்துகள் ஒன்று வலது கண்ணுக்குள் ஏறிவிட்டது. நிலாவின் தூசிக்குக் காற்றும் தெரியாது, மழையும் தெரியாது. கோடிக்கணக்கான வருடங்களாக முனை மழுங்காமல் கண்ணாடிச் சில்லு போலவே கிடக்கும். வீக்கம் வடியும் முன் தொட முடியாது, ஆகவே அந்தச் சில்லை நாளை காலை பத்தரை மணிக்குத்தான் எடுக்க முடியும். அதற்கு மேல் விட்டால் கண் தங்காது.

வெண்குடியில் இருந்த ஒரே மருத்துவர் இளவழுதி எலும்பு கட்டுவார், பல் பிடுங்குவார், தூக்கம் வராதவர்களோடு சீட்டாடுவார். கண்ணில் கத்தி வைத்துப் பழக்கமில்லை. ஆகவே கை இளவழுதியுடையது, கண் மீனலோசனியுடையது என்று ஏற்பாடு. நுண்ணோக்கியின் படம் பூமிக்குப் போகும், அவர் பார்த்துச் சொல்வார், இவர் செய்வார். இரண்டு நாளாக நான்கு ஒத்திகை பார்த்தார்கள். இரண்டு நன்றாகப் போயின. இரண்டில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பாதியில் உறைந்து நின்றது.

இளவழுதி எஸ்தர் செல்லக்கனியைக் கூப்பிட்டார்.

செல்லக்கனிக்கு நாற்பத்தொரு வயது, சொந்த ஊர் நாசரேத். வெண்குடியின் எண்பத்துநான்கு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதும், காற்றளவு கருவிகள் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி அனுப்புவதும், பூமிக்குக் கடிதம் போவதும் அவள் பொறுப்பில்தான். எந்த இயந்திரம் எந்த நிமிஷம் என்ன செய்தது என்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதி வைப்பாள். கேட்டால் கேட்டதைச் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். அதனால் எல்லாரும் அவளை மதித்தார்கள். அவள் வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டு மேஜையில் பேச்சு கொஞ்சம் தணியும்.

வெண்குடி இரண்டு தளம். கீழ்த்தளம் பாறைக்குள் ஆழத்தில் இருந்தது. மருத்துவமனையும் பண்ணையும் அங்கே. மேல்தளத்தில் குடியிருப்புகள், அலுவலகம், பூமியைப் பார்த்த ஆன்டெனா. ஒவ்வொரு தளத்திலும் கம்பிகளெல்லாம் வந்து கூடும் ஒரு சுவிட்ச் உண்டு. கீழ் சுவிட்சிலிருந்து மேல் சுவிட்சுக்கு ஒரே ஒரு ஒளியிழை ஏறியது. அதுதான் அப்லிங்க். கீழே நடக்கும் எதையும் மேலே யாராவது பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு மாடிப்படியில்தான் ஏறி வர வேண்டும்.

செல்லக்கனி ஒளியிழையின் முனையைத் துடைத்தாள், பிறகு அதைச் சுவிட்சில் செருகும் முனைக்கருவியை மாற்றினாள். பிழைக் கணக்கைப் பார்த்தாள். பூஜ்யம். செய்தியைத் துண்டு துண்டாகச் சுமக்கும் பாக்கெட்டுகளில் வழியில் கெட்டுப்போனது ஒன்றுகூட இல்லை. ஆனால் அடுத்த வரியில் இருந்த எண் அவளைப் பார்த்துச் சிரித்தது. வெளியேற இடமில்லாமல் சுவிட்சே தூக்கி எறிந்த பாக்கெட்டுகள், நாற்பது லட்சம்.

"கேபிள்ல ஒண்ணும் கோளாறு இல்ல டாக்டர்," என்றாள். "படி உடையல. படியில கூட்டம் நெரியுது. உங்க படம் ஏற முடியாம கீழ விழுது."

"கூட்டமா? யாரு?"

"அதத்தான் பாக்கப் போறேன்."

இளவழுதி ஏனோ தொண்டையைச் செருமிக்கொண்டு, உடனே பார்க்கத்தான் வேண்டுமா, இன்னொரு கேபிள் இழுக்க முடியாதா என்று கேட்டார். புதுக் கேபிள் அடுத்த விண்கலத்தில்தான் வரும் என்பது அவருக்கே தெரியும்.

இரண்டு நாள் பதிவைப் பிரித்துப் பார்த்ததும் கூட்டத்துக்கு நேரம் காலம் இருப்பது தெரிந்தது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்து முக்கால் மணி நேரம், மாலை நான்கு மணிக்கு மறுபடி முக்கால் மணி நேரம். மற்ற வேளைகளில் படி காலியாகக் கிடந்தது. தோற்ற ஒத்திகைகள் இரண்டும் சரியாக அந்த நேரத்தில் நடந்தவை. நாளைய அறுவையும் அதே நேரத்தில்தான்.

பிறகு எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடினாள். பண்ணை, வரிசை நான்கு, ஈரப்பதமானி பன்னிரண்டு.

செல்லக்கனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். ஈரப்பதமானி என்பது நிமிஷத்துக்கு ஒரு எண் அனுப்பும் சாதுவான கருவி. இது விநாடிக்குப் பன்னிரண்டு மெகாபிட் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு முறை அல்ல, எண்பத்திரண்டு முறை. எண்பத்திரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி தனித்தனியாகப் படியேறியது. பன்னிரண்டை எண்பத்திரண்டால் பெருக்கினால் தொள்ளாயிரத்து எண்பத்துநான்கு. மொத்தப் படியின் அகலமே ஆயிரம். மிச்சமிருக்கும் பதினாறில் மருத்துவமனையின் படம், அது கேட்பது நாற்பது.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. காற்று, ஈரப்பதம், அழுத்தம் அளக்கும் கருவிகளுக்குத்தான் வெண்குடியில் முதல் மரியாதை. உயிர் சம்பந்தப்பட்டவை என்று பூமியில் போட்ட விதி. ஈரப்பதமானி என்று பெயர் வைத்துக்கொண்டதால் அந்த மர்ம வீடியோ ஆம்புலன்ஸ் போல எல்லாரையும் ஒதுக்கிவிட்டு முன்னால் ஓடியது. அறுவைச் சிகிச்சை அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

கேட்டவர்களின் பெயர்ப் பட்டியலை விரித்தாள். சமையலறை, துளைப்புப் பிரிவு, உடை பழுது பார்ப்பவர்கள், எல்லாரும். துரைசிங்கம், அந்த ஒற்றைக் கண்ணோடு. பதினேழாவது பெயர் டாக்டர் இளவழுதி. எண்பத்துநான்கு பேரில் இரண்டு பெயர்தான் இல்லை. ஒன்று இயக்குநர் மரகதவல்லி. இன்னொன்று எஸ்தர் செல்லக்கனி.

அவள் பட்டியலை இரண்டாம் முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் பண்ணைக்குப் போனாள். நிலவில் கோபமாக நடக்க முடியாது. ஓங்கி ஒரு அடி வைத்தால் தலை கூரையில் இடிக்கும். எனவே மெதுவாகக் கோபப்பட்டுக்கொண்டு போனாள்.

பண்ணைப் பொறுப்பாளர் குழந்தைவேலுக்கு ஐம்பத்தாறு வயது, நாமக்கல்காரர். கீரைப் பாத்திகளுக்கு நடுவே ஒரு நாற்றுப் பெட்டியின் முன் குந்தியிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உதட்டில் விரலை வைத்தார். பெட்டிக்குள் வெதுவெதுப்பான மஞ்சள் வெளிச்சத்தில் ஒரே ஒரு முட்டை இருந்தது. அதன் மேல் ஒரு மெல்லிய விரிசல். உள்ளேயிருந்து, மிகச் சின்னதாக, கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

செல்லக்கனி திட்டுவதற்கு வைத்திருந்த முதல் வாக்கியத்தை மறந்துபோனாள்.

குழந்தைவேல் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். எடை குறைந்த உலகத்தில் கரு எப்படி வளர்கிறது என்று பார்க்கப் பன்னிரண்டு முட்டைகள் பூமியிலிருந்து வந்தன. பதினெட்டாம் நாள் அத்தனையையும் உறையவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு, ஏனென்றால் வெண்குடிக்குள் மனிதரைத் தவிர உயிருள்ள பிராணி எதுவும் இருக்கக்கூடாது. பதினொரு முட்டைகள் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டன. பன்னிரண்டாவது நிற்கவில்லை. வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தால் உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி துடித்தது. பதினெட்டாம் நாள் உறைபெட்டி வரை எடுத்துப்போனார். கை போகவில்லை. பதிவேட்டில் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டார்.

"ஊர்ல எங்களுக்கு மூணு கோழி ஷெட்டுங்க அம்மிணி. லட்சம் முட்டை பாத்திருக்கறேன். ஒரு முட்டையைப் பாத்ததில்லீங்க."

காலையிலும் மாலையிலும் அவர் விளக்குப் பிடித்து உள்ளே பார்ப்பார். அதைத் துரைசிங்கத்துக்குக் காட்டத்தான் முதலில், ஈரப்பதமானி பன்னிரண்டைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் அதன் பெயரிலேயே, ஒரு கேமரா வைத்தாராம். அந்த ஆள் மனைவி குழந்தைகளைப் பிரிந்து பதினாலு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். அவர் இன்னொருவரிடம் சொன்னார். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பார்த்தது. இலையைத் தவிர உயிருள்ள எதையும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பார்க்காதவர்கள், ஒரு ஓட்டுக்குள் நிழல் புரள்வதைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

நாளைக்கு இருபத்தொன்றாம் நாள். பத்து மணிக்கு மேல் வெளியே வந்துவிடும் என்றார். அறுவை பத்தரைக்கு என்று செல்லக்கனி சொன்னாள். கூட்டம் யாரால் என்பதையும் சொன்னாள். குழந்தைவேலின் முகம் விழுந்துவிட்டது.

"வெட்டிவிட்டுருங்க," என்றார். "இந்தக் கேமரா வயரை இப்பவே புடுங்கிப்போடுங்க. மனுசன் கண்ணுங்க அது."

வெட்டுவது எளிது. ஒரு வரி கட்டளை. செல்லக்கனி கைப்பலகையை எடுத்தாள். அப்போது முட்டை லேசாக அசைந்தது, தூக்கத்தில் புரள்கிற மாதிரி. அவள் எதுவும் எழுதாமல் பலகையை மடித்து வைத்தாள்.

"ஒரு படத்த எண்பத்திரண்டு தடவ ஏத்துறதுதான் அண்ணாச்சி தப்பு. ஒரே தடவ ஏத்திட்டு, மேல போன பெறகு வேணுங்கிறவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கலாம். வீட்டுக்கு வீடு தனித்தனியா வண்டியில தண்ணி கொண்டுபோறதுக்குப் பதிலா ஒரு பெரிய குழாய் போட்டு, தெருவுல வந்து பிரிக்கிற மாதிரி."

"முடியுங்களா?"

முடியும். இரண்டு சுவிட்சிலும் அந்த முறையை மாற்றி எழுத வேண்டும். ஆனால் மாற்றினால் இரண்டையும் ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். அந்த நான்கு நிமிஷம் காற்றளவுச் செய்தி எதுவும் கட்டுப்பாட்டு அறைக்குப் போகாது. அதற்கு இயக்குநரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்து வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும்.

இயக்குநர் மரகதவல்லி மேஜையில் கைகளைக் கோர்த்துக்கொண்டு கேட்டார். செல்லக்கனி அப்லிங்க் நெரிசலைச் சொன்னாள், தொள்ளாயிரத்து எண்பத்துநான்கைச் சொன்னாள், தீர்வைச் சொன்னாள். அப்படியென்ன வீடியோ பண்ணையிலிருந்து வருகிறது என்று இயக்குநர் கேட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாகச் செல்லக்கனிக்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் முட்டை உறைபெட்டிக்குப் போகும். பொய் சொல்ல எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"ஈரப்பதமானி பன்னிரண்டு மேடம்," என்றாள். அது பொய் இல்லை.

மரகதவல்லி கோர்த்த கைகளைப் பிரித்தார்.

"காலையில லேசா விரிசல் விட்டிருந்தது," என்றார். "இப்ப எப்படி இருக்கு?"

செல்லக்கனிக்கு ஒரு கணம் நாற்காலியோடு மிதப்பது போலிருந்தது. இயக்குநரிடம் பண்ணைச் சாவி உண்டு. அவருக்குத் திரை தேவைப்படவில்லை. பதினெட்டாம் நாளிலிருந்து தினமும் காலை நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு நேரிலேயே போய்ப் பார்த்திருக்கிறார். பதிவேட்டின் காலி வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

"கீச்சுங்குது மேடம்," என்றாள் செல்லக்கனி. பிறகு அடக்க முடியாமல் கேட்டாள். "எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லல?"

"நீ பொய் சொல்ல மாட்டே. பூமியிலேர்ந்து கேட்டா அப்படியே சொல்லிடுவே. அதுக்குப் பயந்தோம்னு வச்சுக்க. ஆனா அது மட்டும் இல்ல. உன்னைப் போய் யாரும் பொய் சொல்ல வைக்க வேண்டாம்னு குழந்தைவேல்தான் சொன்னாரு. எல்லாரும் சரின்னோம்."

செல்லக்கனி வெளியே வந்து சுவரில் சாய்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நிலவில் கண்ணீர் அவசரமில்லாமல் இறங்கும்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பராமரிப்பு வேலை என்று அறிவிப்பு வந்தது. நான்கு நிமிஷம் கருவிகள் ஊமையாகும், கைக்கருவி வைத்துக் காற்றளவு பார்க்க எட்டுப் பேர் தேவை என்று இயக்குநர் சொன்னார். ஐம்பத்தேழு பேர் வந்து நின்றார்கள். இத்தனை உற்சாகமாக ஒரு பராமரிப்பு வேலை வெண்குடியில் நடந்ததில்லை. நடைபாதை நெடுக நின்று, திருவிழாவில் விலை கூவுகிற மாதிரி, ஆக்சிஜன் இருபத்தொன்று, இங்கேயும் இருபத்தொன்று என்று ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொண்டார்கள். சுவிட்சுகள் நான்காவது நிமிஷம் பச்சை விளக்கோடு எழுந்தன.

பத்தரைக்குச் செல்லக்கனி கீழ்ச் சுவிட்சின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். எறியப்பட்ட பாக்கெட்டுகள் என்ற எண்ணின் மேல் கண்ணை நட்டுவைத்தாள். பக்கத்து அறையில் துரைசிங்கம் படுத்திருந்தார். கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்திருந்தார்கள், ஆள் விழித்திருந்தார். நாடி நூற்றிருபதில் ஓடியது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பாக்க முடியாதுன்னு தெரியும் டாக்டர். சத்தமாச்சும் வைங்க."

இளவழுதி நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கைப்பலகையைத் தலைமாட்டில் வைத்தார். கீச், கீச் என்று அறை முழுக்கக் கேட்டது. நாடி தொண்ணூறுக்கு இறங்கியது.

மதுரையிலிருந்து குரல் வந்தது. படம் தெளிவாக இருக்கிறது, ஆரம்பிக்கலாம். இன்னும் கொஞ்சம் இடது. நிறுத்துங்கள். அரை மில்லிமீட்டர் உள்ளே. ஒவ்வொரு சொல்லுக்கும் இளவழுதியின் கை காத்திருந்து நகர்ந்தது. வெண்குடி முழுக்க அந்த நேரம் வேலையை நிறுத்திவிட்டு ஒரு ஓடு உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பிரதி, பன்னிரண்டே மெகாபிட், சாதுவாகப் படியேறிப் போனது. அதன் பக்கத்திலேயே துரைசிங்கத்தின் கண் தாராளமாக ஏறியது. எறியப்பட்டவை, பூஜ்யம். பத்து நிமிஷம் கழித்தும் பூஜ்யம். செல்லக்கனிக்குத் தலை லேசாகச் சுற்றியது, ஊஞ்சல் உச்சியில் நிற்கிற மாதிரி.

பதினொன்று இருபதுக்குச் சில்லு வெளியே வந்தது. அதே நிமிஷத்தில் பண்ணையில் ஓட்டின் மூடி கழன்று விழுந்தது. மேல்தளத்தில் எழுந்த ஆரவாரம் பாறை வழியாகவே கீழே கேட்டது.

இளவழுதி கட்டுப்போட்டு முடித்ததும், மீனலோசனி வாழ்த்திவிட்டுக் கேட்டார். "ஒரு சந்தேகம். ஆபரேஷன் முழுக்க ஏதோ கீச்சு கீச்சுனு கேட்டுது. உங்க மெஷின் எதாவது பழுதா?"

இளவழுதி நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் கூரையைப் பார்த்தார். வாசலில் நின்ற இயக்குநர் செல்லக்கனியைப் பார்த்தார், பார்த்துவிட்டு, உன் இஷ்டம் என்பது போலத் தலையசைத்தார். இந்த உரையாடல் பூமியில் பதிவாகிறது என்பது அறையில் இருந்த அனைவருக்கும் தெரியும்.

செல்லக்கனி மைக்கின் அருகே போனாள்.

"கோழிக்குஞ்சு டாக்டர்," என்றாள். "இப்பதான் பொரிஞ்சுது."

போக ஒன்றேகால் விநாடி, வர ஒன்றேகால். இரண்டரை விநாடி ஒன்றும் வரவில்லை. மூன்று, நான்கு. ஐந்தாவது விநாடியில் மதுரையிலிருந்து அந்தப் பெரிய டாக்டரின் குரல், எட்டு வயதுச் சிறுமியின் குரல் போல வந்தது.

"எங்களுக்கும் காட்டுவீங்களா?"

செல்லக்கனி பூமிக்கும் ஒரு கிளையைத் திறந்துவிட்டாள். ஒரே ஒரு பிரதிதான் போயிற்று. அங்கே அதை எத்தனை பேருக்குப் பிரித்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த முறையில் அனுப்புகிறவருக்குப் பார்க்கிறவர்களின் பட்டியல் வருவதில்லை. பெயர்களை எழுதிவைக்கும் வேலையே இல்லாமல் போனது அவளுக்கு விசித்திரமாகவும் பெரிய விடுதலையாகவும் இருந்தது. பிற்பகல் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. உத்தரவை மீறியதற்கு எழுத்துமூலம் விளக்கம் தேவை என்றது முதல் வரி. அதற்கு என்ன தீனி கொடுக்கிறீர்கள், அடுத்த கலத்தில் ஏதும் அனுப்ப வேண்டுமா என்றது இரண்டாவது வரி. மூன்றாவது வரியில், துணைக்கு இன்னொரு பன்னிரண்டு முட்டை அனுப்பினால் ஆட்சேபம் உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

நான்கு மணிக்குக் குஞ்சின் ஈரம் காய்ந்து பஞ்சுப் பந்தாகிவிட்டது. பண்ணையில் நிற்க இடமில்லை. கண்ணில் கட்டோடு துரைசிங்கம் முன்வரிசையில் நின்றார், செல்லக்கனியைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். குழந்தைவேல் பெட்டியின் மூடியைத் திறந்து குஞ்சைப் பாத்திகளுக்கு நடுவே தரையில் விட்டார். அது கழுத்தை நீட்டிக் கூட்டத்தைப் பார்த்தது. இரண்டு அடி வைத்தது. எல்லாக் குஞ்சுகளையும் போலக் காலை உந்தி ஒரு சின்னத் தாவு தாவியது.

நாமக்கல்லில் அந்தத் தாவு இரண்டு அங்குலத்தில் முடிந்திருக்கும். இங்கே அது முடியவில்லை. குஞ்சு குழந்தைவேலின் முழங்காலைத் தாண்டியது, திகைத்துப்போய் இறக்கை என்று சொல்ல முடியாத இரண்டு குச்சிகளைப் படபடவென்று அடித்தது, இடுப்பளவு வந்தது, கீரைத் தட்டுகளின் மேல் மிதந்து போயிற்று. கூட்டம் அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. குழந்தைவேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்திக்கொண்டு அதன் அடியிலேயே ஓடினார்.

"ஏனுங்க அம்மிணி," என்று பார்வையை எடுக்காமல் கேட்டார், "இது கோழிதானுங்களே?"

"தெரியல அண்ணாச்சி," என்றாள் செல்லக்கனி.